வெள்ளைக் காருக்குப் பின்னால்

ஏப்ரல் 7, திங்கள்

கார் வந்தாச்சு. திண்டுக்கல் மெக்கானிக் அமல்ராஜே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர் பெட்டியை ரெண்டாவது தடவையா இறக்கி, பிரிச்சு, மாத்த வேண்டியதையெல்லாம் மாத்தி ஏத்தியிருக்கார். "இனிமே ஒண்ணும் வராதுங்கம்மா"ன்னார். போன தடவையும் இதைத்தான் சொன்னார்.

கோகிலவாணி ஊன்றுகோலை ஊன்றிக்கிட்டே காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தா. என் மகள், எனக்கு அவ பாப்பா. பன்னிரண்டு வயசுல முதுகுத்தண்டுல கட்டின்னு ஆபரேஷன் பண்ணினதுல ரெண்டு காலும் பலம் போயிடுச்சு. இப்போ பேங்க்ல ஆபீசர். கால் வேண்டாம், கை போதும்னு இந்தக் காரை மாத்தி வாங்கினா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு கம்பி. தன் பக்கம் இழுத்தா வண்டி ஓடும், முன்னால தள்ளினா பிரேக். அந்தக் கம்பி அமல்ராஜ் முழங்காலுக்கு இடிக்குமாம். எப்பவும் முதல்ல அதைக் கழட்டி வெச்சுட்டு, எல்லாரையும் போலக் காலால ஓட்டிப் பார்ப்பார், குடுக்கும்போது மாட்டிக் குடுப்பார். இன்னைக்கும் நம்ம வாசல்ல நின்னுதான் மாட்டினார்.

காபி குடுத்தேன். சர்க்கரை போடாம குடுத்துட்டேன், பாவம், கேக்காமலே குடிச்சுட்டுப் போயிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாப்பா காரை எடுத்துக்கிட்டு ஒட்டன்சத்திரம் பேங்குக்குப் போனா. நானும் ஸ்கூட்டியில ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்தேன். பழனியில விக்கிற கத்திரிக்காய் எல்லாம் நேத்து பறிச்சது. ஒட்டன்சத்திரத்துல காலையில பறிச்சதே கிடைக்கும். வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துறதால எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ போட்ட பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல போட்டுக்கிட்டேன், ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டேன். என்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

முருங்கைக்காய் ஒரு கட்டு, கத்திரிக்காய், தக்காளி.

ஏப்ரல் 10, வியாழன்

மார்க்கெட். பீர்க்கங்காய், புடலங்காய், மறுபடி முருங்கைக்காய்.

ஏப்ரல் 11, வெள்ளி

மார்க்கெட்.

ஏப்ரல் 17, வியாழன்

ராத்திரி சாப்பிடும்போது பாப்பா கேட்டா, "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு காய்?"

"மலிவா இருந்துச்சு."

"சாம்பார்லயும் முருங்கை, பொரியல்லயும் முருங்கை, நேத்து முட்டைக்குள்ளயும் முருங்கை."

"சத்துடி."

எதிர்வீட்டு நாகரத்தினத்துக்குப் பாதியைக் குடுத்தேன். அவளும் வாங்கிக்கிட்டு ஒரு மாதிரி சிரிச்சா. "காய்கறிக் கடை வைக்கப் போறீங்களாக்கா?"ங்கிறா. இவ வாயில விழுந்து எழுந்தா போதும், பழனி பூராவும் தெரிஞ்சுடும்.

ஏப்ரல் 23, புதன்

வழியில ஒரு டீக்கடையில தாகத்துக்கு நின்னேன். அங்கே ஒரு லாரிக்காரன் இன்னொருத்தன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தான். "முன்னாடி ஒரு வெள்ளைக் கார் போச்சு பாரு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகுது. நிக்கப் போகுதா போகப் போகுதான்னே தெரியலை. பொம்பளை வண்டியாத்தான் இருக்கும்."

எனக்குப் பொசுக்குன்னு கோபம் வந்துடுச்சு. "அந்தப் புள்ளை பார்த்து நிதானமா ஓட்டுது. உன்னை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு ஓட்டச் சொல்றியா?"ன்னேன். அவன் மேலயும் கீழயும் பார்த்தான். சட்டையும் சேலையும் ஹெல்மெட்டுமா ஒரு கிழவி ஏன் சண்டைக்கு வருதுன்னு அவனுக்கு விளங்கலை.

அவன் சொன்னது பொய் இல்லை. பாப்பா வண்டியில பின்னாடி சிவப்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்குப் போற வழியும் அவ போற வழியும் ஒண்ணுதானே, கண்ணுல படாம இருக்குமா? பயந்துக்கிட்டே ஓட்டுறா பாவம். வெளியில பெரிய தைரியசாலி மாதிரி பேசுவா. உள்ளுக்குள்ள ஒரு நிமிஷம்கூடப் பிரேக்குல இருந்து கையை எடுக்க மாட்டேங்கிறா. அப்படிப்பட்டவளை எப்படித் தனியா விடறது?

ஏப்ரல் 24, வியாழன்

சரி, எழுதிடறேன். இது என் டைரிதானே, இதுகிட்ட என்ன மூடு மந்திரம்.

கார் வாங்கின அன்னைக்கு பாப்பா என்னை எதிர்ல உக்கார வெச்சு ஒண்ணு சொன்னா. "ஸ்கூலுக்கு நீ தூக்கிட்டுப் போனே. காலேஜுக்கு ஆட்டோவுல கூட வந்தே. பேங்குக்கும் பஸ்ஸுல கூட வந்தே. இனிமே நான் தனியாப் போகணும். பின்னாடி வரக் கூடாது. வந்தேன்னு தெரிஞ்சா உன்கூட இருக்க மாட்டேன், ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்." சரின்னேன். வாயாலதான் சரின்னேன்.

ஒட்டன்சத்திரத்துக்குத் தினமும் அவ பின்னாடியே, லாரிக்கு மறைவாப் போறேன். அவ பேங்க் வாசல்ல இறங்கி உள்ளே போற வரைக்கும் புளியமரத்துக்குப் பின்னால நிப்பேன். அப்புறம் மார்க்கெட். காய் வாங்கிட்டா போனதுக்குக் காரணம் ஆச்சு.

மே 5, திங்கள்

பாப்பாவுக்குப் பதவி உயர்வு. மேனேஜர். ஓசூர்ல.

சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கிட்டு வந்தா. மூஞ்சி பூராவும் சிரிப்பு. "ஜூன்ல போய்ச் சேரணும். கீழ்வீடா ஒண்ணு பார்த்தாச்சு, பேங்க்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர். கார் இருக்கு. எனக்கு வேற என்ன வேணும்?"

"ஆமா, உனக்கு வேற என்ன வேணும்"னேன்.

"நீயும் மாசத்துல பாதி நாள் வந்து இரு. ஆனா நான் முதல்ல தனியா இருந்து பார்க்கணும்மா."

பால்கோவா நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு வாய்க்கு மேல எடுக்கலை, டப்பாவை மூடி வெச்சேன்.

மே 12, திங்கள்

வண்டி மறுபடி மக்கர் பண்ண ஆரம்பிச்சுடுச்சு. சத்திரப்பட்டி தாண்டினதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிச்சு. இஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பாப்பா ஓரம் கட்டினா. நான் ஒரு வேப்பமரத்துக்கு அடியில ஸ்கூட்டியை நிறுத்திட்டு நின்னேன். போகலாமா வேண்டாமான்னு கால் தவிச்சுது. போகலை. கொஞ்ச நேரம் ஆறவிட்டு அவளே எடுத்துக்கிட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து, "வண்டி எப்படி ஓடுது?"ன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டேன். "நல்லா ஓடுது"ன்னா. ரெண்டு பேரும் நல்லாத்தான் பொய் சொல்றோம்.

மே 16, வெள்ளி

நின்னே போச்சு. வண்டி தூக்குற லாரி வந்து திண்டுக்கல்லுக்கு ஏத்திக்கிட்டுப் போச்சு. பாப்பா ஆட்டோவுல வீட்டுக்கு வந்தா. ஊன்றுகோலைச் சுவத்துல சாத்திட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம உக்காந்தா. நான் மோர் குடுத்தேன். வாங்கி வெச்சா, குடிக்கலை.

மே 19, திங்கள்

அமல்ராஜ் போன் பண்ணினார். பாப்பா ஸ்பீக்கர்ல போட்டா.

"எண்ணெய் கரியாட்டம் இருக்குங்க. தீஞ்ச வாசனை. ஓவர் சூடு. முன்னாடி ரெண்டு தடவையும் இதேதான். எண்ணெயை ஆத்துற கூலருக்குப் பக்கத்துல இன்னொரு கூலரும் போட்டுக் குடுத்தேன், அப்பவும் தாங்கலை. கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தா சூடுன்னு காட்டுது. ஏன் சூடுன்னு சொல்ல மாட்டேங்குது."

"நீங்க ஓட்டிப் பார்க்கும்போது?"

"போன தடவை நத்தம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் ஓட்டினா ஒண்ணுமில்லை, நீங்க ஓட்டினா வருது. தப்பா எடுத்துக்காதீங்க பாப்பா, நீங்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா?"

"சத்தியமா இல்லை."

"பிடிச்சா பின்னாடி லைட் எரியும். அப்படி எரிஞ்சா, பிரேக்குல ஆள் இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். வேகத்துல கியருக்குள்ள ஒரு பூட்டு விழணும், அதை விழ விடாது. பூட்டு விழாட்டி எண்ணெய் உள்ளுக்குள்ளயே கடைஞ்சு கொதிக்கும். அப்படித்தான் தீயும். ஆனா இங்கே பார்த்தா லைட் சரியா இருக்கு, அணையுது, எரியுது."

"நான் முன்னாடி உக்காந்திருக்கேன். பின்னாடி லைட் எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"ன்னு பாப்பா சொல்லிட்டு போனை வெச்சா.

அவ பக்கத்துல நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மே 20, செவ்வாய்

பாப்பா சொல்லிட்டா. "இந்த வண்டி வேண்டாம்மா. இருக்கிற நிலையில வித்துடலாம். ஓசூர் வேணுமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு இருந்துச்சு, திங்கட்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருக்கேன். கார் இல்லாம அங்கே நான் என்ன பண்றது?"

"அதுக்கென்ன, இங்கேயே இரு"ன்னேன். சொல்லும்போதே எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. வந்ததை இல்லைன்னு எழுத மாட்டேன்.

மே 21, புதன்

மார்க்கெட்டுக்குப் போகலை. போறதுக்குக் காரணம் இல்லை. பாப்பா பஸ்ஸுல போனா. நானும் கூடப் போனேன், அவ படி ஏறக் கை குடுத்தேன். பழைய மாதிரி. கண்டக்டர் "பார்த்தும்மா, பார்த்து"ன்னான். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மெல்லவும் முடியலை, முழுங்கவும் முடியலை. நான் வாயைத் திறந்தா வண்டி சரியாகலாம். சரியானா அவ ஓசூர் போவா. கூடவே, தினமும் பின்னாடி வந்தது நான்னு தெரியும். வாயை மூடிக்கிட்டா அவ என் பக்கத்துலயே இருப்பா, பொரியல்ல உப்புக் குறைச்சல்னு சொல்லிக்கிட்டு. யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்லை. ஒரு விளக்கு எரிஞ்சதைப் பார்த்தவ நான் ஒருத்திதான்.

அந்த லாரிக்காரனும் பார்த்தான். ஆனா அவன் வந்து சொல்லப் போறானா என்ன.

மே 22, வியாழன்

மாவு அரைச்சேன். துணி ஊற வெச்சேன்.

ஜன்னல் பக்கம் திரும்பின அந்த மூஞ்சி கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

மே 24, சனி

நாலாவது சனி, பேங்க் லீவு. வண்டியை வாங்க ஒரு புரோக்கர் வர்றான்னு பாப்பா திண்டுக்கல்லுக்குக் கிளம்பினா. நானும் போனேன். ஒர்க்‌ஷாப்ல கியர் பெட்டி தனியா, வயிறு திறந்து கிடந்துச்சு. புரோக்கர் ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத மாதிரி, "அடடா, நல்ல வண்டிங்க, இப்படி ஆயிடுச்சே"ன்னு காரைச் சுத்தி வந்தான். பாப்பா ஆர்.சி. புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தா.

அப்பத்தான் சொன்னேன். "லைட் எரியுது."

அமல்ராஜ் என்னைப் பார்த்தார். "எந்த லைட்டுங்கம்மா?"

"பின்னாடி. சிவப்பு. அவ ஓட்டும்போது எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நிக்கும்போதும் எரியும், ஓடும்போதும் எரியும். வீட்டுல நிறுத்திட்டா எரியாது."

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"எப்பவும் அப்படித்தான். வண்டி வாங்கின நாள்ல இருந்து."

அமல்ராஜுக்கு அதுக்கு மேல கேள்வி கேட்க நேரமில்லை. ஓடிப்போய்க் கழட்டி வெச்சிருந்த கைக்கம்பியைக் கொண்டு வந்து மாட்டினார். பையன் ஒருத்தனைக் காருக்குப் பின்னாடி நிக்க வெச்சார். கம்பியைத் தன் பக்கம், அதாவது வண்டி ஓடறதுக்கு இழுக்கிற பக்கம், இழுத்தார். "எரியுதுண்ணே"ன்னான் பையன். விட்டார். "அணைஞ்சுடுச்சு." இழுத்தார். "எரியுது."

கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். கம்பியைத் தாங்குற பட்டை லேசா வளைஞ்சிருக்காம். ஓட்டுறதுக்கு இழுக்கும்போது பிரேக்குக்குப் போற கம்பியும் கூடவே ஒரு நூல் அளவு நகர்ந்து பெடலைத் தொடுதாம். "பிரேக் பிடிக்கலைங்க. ஸ்விட்ச் மட்டும் பிடிக்குது. நான் ஒவ்வொரு தடவையும் இந்தக் கம்பியைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பார்த்தேன் பாருங்க. எனக்கு எப்படி வரும்? வேலை செய்யறவன் வசதிக்குக் கழட்டினது, கோளாறையும் சேர்த்துக் கழட்டி வெச்சிருக்கேன்"னு தலையில தட்டிக்கிட்டார்.

புரோக்கர் மெதுவா நழுவிட்டான்.

பாப்பா காரைப் பார்க்கலை. என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

"எத்தனை நாளாம்மா?"

நான் முந்தானை நுனியைச் சுருட்டினேன்.

"தினமுமா?"

"நீ பயந்துக்கிட்டே ஓட்டுறேன்னு நினைச்சேன் பாப்பா. பிரேக்கை விடவே மாட்டேங்கிறேன்னு நினைச்சேன். அதான்."

"நான் எதுக்குப் பயப்படணும்? எனக்கு ஒரு நாள்கூடப் பயமா இல்லை." அப்புறம் சத்தமே இல்லாம சொன்னா, "அப்போ நான் ஒரு நாள்கூடத் தனியாப் போகலை, இல்லையா?"

செருப்படி வாங்கியிருந்தாக்கூட ஆறியிருக்கும்.

மே 25, ஞாயிறு

பேசலை.

மே 28, புதன்

பேசலை. சாப்பிடுறா, தட்டைக் கழுவி வைக்கிறா, கதவைச் சாத்திக்கிறா. ஓசூருக்குச் சரின்னு எழுதிக் குடுத்ததை நாகரத்தினம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாலு நாளா யோசிச்சுப் பார்க்கிறேன். அவ முதுகைப் பார்த்துக்கிட்டே போனேன், அதுல எரிஞ்ச விளக்கை அவ பயம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அவ பயப்படலை. அந்த ரோட்டுல பயந்துக்கிட்டே போனது நான்தான்.

ஜூன் 3, செவ்வாய்

ரசம் வெச்சிருந்தேன். "புளி அதிகம்"னா. பத்து நாள் கழிச்சு வந்த முதல் பேச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கார் வந்துடுச்சு. புதுப் பட்டை, புது எண்ணெய், கம்பியும் சரியான நீளம். அமல்ராஜ் இந்தத் தடவை கம்பியைக் கழட்டாமலே, அதாலயே ஓட்டிக்கிட்டு வந்திருக்கார். நத்தம் ரோட்டுல கத்துக்கிட்டாராம். "கை வலிக்குதுங்க. பாப்பா எப்படித்தான் ஓட்டுதோ"ன்னார்.

"நான் ஓட்டினதுல எரியலை. ஆனா பாப்பா கைக்கு எப்படி இருக்குன்னு ரோட்டுல யாராவது பின்னாடி போய்ப் பார்க்கணும். அப்பத்தான் எனக்கு நிம்மதி. என் தம்பியை அனுப்பட்டுங்களா?"

"வேண்டாங்க. எங்கம்மா வருவாங்க. அவங்களுக்குப் பழக்கம்தான்"னா பாப்பா.

சிரிக்காமத்தான் சொன்னா. அமல்ராஜ்தான் சிரிப்பை அடக்க முடியாம காபி டம்ளருக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டார். சர்க்கரை போட்டிருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பாப்பா ஓசூருக்குக் கிளம்பினா. பெட்டி, குக்கர், மெத்தை எல்லாம் நேத்தே வேன்ல போயிடுச்சு. நான் அடுத்த வாரம் பஸ்ஸுல போறதாப் பேச்சு. கூட வர்றேன்னு கேட்கலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்கலை.

கண்ணாடியை இறக்கிட்டுச் சொன்னா. "ஒட்டன்சத்திரம் வரைக்கும் வா. லாரிக்குப் பின்னாடி எல்லாம் ஒளிய வேண்டாம். அந்தச் சட்டையையும் போட்டுக்காதே, எனக்குக் கண்ணாடியில நீ தெரியணும்."

சேலையோட, ஹெல்மெட்டோட, அவளுக்கு நேர் பின்னாடி போனேன். ஊரைத் தாண்டற வரைக்கும் மெதுவாத்தான் போனா. வேகத்தடையில எரிஞ்சுது, அணைஞ்சுது. ஒரு நாய் குறுக்கே வந்துச்சு, எரிஞ்சுது, அணைஞ்சுது. அதைத் தவிர எரியவே இல்லை. அவ்வளவு நாளா அந்த ரோட்டுல நான் பார்த்த வண்டியா இதுன்னு இருந்துச்சு. எவ்வளவு அழகா ஓட்டுறா. வளைவுல முன்கூட்டியே வேகத்தைக் குறைச்சு, வண்டியை அலைக்காமத் திருப்பி. மனசு நிறைஞ்சு போச்சு, இதை அவகிட்ட இன்னும் சொல்லலை.

சத்திரப்பட்டிக்கு அப்புறம் ரோடு நேரா, காலியா இருந்துச்சு. முன்னெல்லாம் இஞ்சின் கத்துதுன்னு அவ வேகமாவே போக மாட்டா, அதனால என் ஸ்கூட்டி ஈடு குடுத்துச்சு. இன்னைக்கு வண்டி சத்தமே இல்லாம முன்னால நகர்ந்துச்சு. நானும் முறுக்கினேன். அறுபதுக்கு மேல ஸ்கூட்டி உதறுது. அவ வண்டி சின்னதாகிக்கிட்டே போச்சு. ஒரு மேடு ஏறி இறங்கினா. நான் அந்த மேட்டுக்கு வர்றப்போ ரோட்டுல யாருமே இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போனேன். அப்புறம் ஓரமா நிறுத்திட்டு ஹெல்மெட்டைக் கழட்டினேன். ரெண்டு பக்கமும் சோளக்காடு. காத்து அடிச்சுது. பயமா இல்லை. அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

போன் வந்துச்சு.

"ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன். எரிஞ்சுதாம்மா?"

"இல்லை. நீ பிடிச்சப்போ மட்டும்தான்."

"கடைசி வரைக்கும் பார்த்தியா?"

"பார்க்க முடிஞ்ச வரைக்கும் பார்த்தேன்."

"நீ எங்கே இருக்கே? கண்ணாடியில தெரியலையே. திரும்பி வரட்டுமா, காத்திருக்கட்டுமா?"

"காத்திருக்காதே. ரொம்பப் பின்னாடி இருக்கேன். நீ போ."

அப்புறம் "சரிம்மா, போறேன்"னா. அவ வண்டி கிளம்புற சத்தம் கேட்கிற வரைக்கும் போனைக் காதுல வெச்சிருந்துட்டு, ஸ்கூட்டியைப் பழனிப் பக்கம் திருப்பினேன்.